ஏரிச் சுவரில் வரைவதற்கு முன்னால், தண்ணீர் வரும் வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள்

சேலத்தில் உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. அதன் நடைபாதைச் சுவரில் ஓவியம் வரைய சங்கத்தில் பணம் சேர்த்துவிட்டீர்கள், ஓவியரும் கிடைத்துவிட்டார். வரைந்தால் அக்கம்பக்கத்தார் குப்பை கொட்டுவதை நிறுத்துவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், பத்து வயது மகள் “குடிக்கிற தண்ணி மேட்டூர்ல இருந்து வருது, அப்புறம் இந்த ஏரி எதுக்கு?” என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அந்தக் கடைசி வரிதான் கேள்வி. சுவரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

நான் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தவன். பதினைந்து வருடங்களுக்கும் மேலாக சேலத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும், அந்தந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து தண்ணீரை வைத்துக் கலை நிகழ்ச்சிகள் செய்து வருகிறேன். நீரியல் படித்தவன் அல்ல. ஏரித் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, கரை எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கெல்லாம் பொறியாளரைத்தான் கேட்க வேண்டும். மனிதர்கள் ஓர் ஏரியின் பக்கம் எப்போது திரும்பிப் பார்க்கிறார்கள், எப்போது பார்ப்பதில்லை என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

உங்கள் மகள் கேட்டதில் ஒரு வரலாறே இருக்கிறது. சேலம் நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 1911-இல் பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டினார்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. பிற்பாடு குழாய் வழியே காவிரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. அது நல்ல காரியம்தான், குடம் சுமந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்த நாளில் இருந்து, பக்கத்து ஏரி நிரம்பியதா காய்ந்ததா என்று பார்க்க வேண்டிய அவசியம் போய்விட்டது. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிற்றின் ஈரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களின் பேரன் பேத்திகளுக்குத் தண்ணீர் என்றால் மோட்டார் சுவிட்ச். ஏரியோடு இருந்த தினசரிக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோன இடத்தில்தான் குப்பை வந்து விழுகிறது. கோபமாகவோ வேண்டுமென்றோ யாரும் கொட்டுவதில்லை. அது யாருக்கும் வேண்டாத இடமாகத் தெரிகிறது, அதனால் கொட்டுகிறார்கள். கலை இங்கே செய்யக்கூடிய வேலை, அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு துளியையாவது திரும்பக் கொண்டுவருவது.

சுவர் ஓவியம் மட்டும் அதைச் செய்யாது என்று அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஏரிக்கரைச் சுவரில் நாங்கள் மீன், கொக்கு, தாமரை, துள்ளி விளையாடும் பிள்ளைகள் என்று முந்நூறு அடிக்கு வரைந்தோம். மூன்று வாரம் வெயிலில் நின்ற வேலை. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தது, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆடிக்குள் பாதிச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் பள்ளிச் சேர்க்கை விளம்பரமும் ஒட்டியிருந்தன. சுவருக்குப் பின்னால் குப்பை முன்பைவிட அதிகமாக இருந்தது, ஏனென்றால் இப்போது அதை மறைக்க ஒரு அழகான சுவர் இருந்தது. அன்றைக்கு நான் நிறைய யோசித்தேன். நாங்கள் வரைந்தது எந்த ஏரிக்கும் பொருந்தும் படம். அந்த ஏரியில் தாமரை ஒருநாளும் பூத்ததில்லை. ஊர்க்காரர் ஒருவர்கூட அந்தப் படத்தில் தன்னுடையது என்று எதையும் காட்ட முடியாது. அவர்களை நாங்கள் கேட்கவே இல்லை, வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்தோம்.

அதன் பிறகு நான் எங்கே போனாலும் முதலில் தூரிகையை எடுப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். சேலத்தில் இதற்கு நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு: தலைக்கு மேலேயே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை நிற்கிறது. மாடியில் ஏறினால் தண்ணீரின் பிறப்பிடம் கண்ணுக்குத் தெரிகிற நகரங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அந்த மலையில் ஒரு பக்கம் பெய்கிற மழை திருமணிமுத்தாறாக இறங்கி, சேலம் நகரத்துக்கு நடுவே, சுகவனேசுவரர் கோயிலையும் கோட்டை மாரியம்மன் கோயிலையும் ஒட்டி ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் சேர்கிறது. இன்னொரு பக்கத்து மழை சரபங்கா நதியாகி ஓமலூர், எடப்பாடி வழியாக அதே காவிரிக்குப் போகிறது. மறுபக்கச் சரிவில் விழும் மழையோ வாணியாறாகி, தருமபுரி மாவட்டத்துக்குள் போய்த் தென்பெண்ணையில் கலந்து, கடலூர் பக்கம் கடலைத் தொடுகிறது. பூம்புகாருக்குப் போவதா, கடலூருக்குப் போவதா என்று ஒரு மழைத்துளிக்கு அந்த மலை முகட்டில் தீர்மானமாகிவிடுகிறது. பிள்ளைகளை முகட்டில் நிற்க வைத்து இதைச் சொன்னால், இரண்டு கையையும் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து அப்படி நிற்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 5,000 அடிக்கு மேலே, மலை உச்சியில் உள்ள குகைக் கோயிலில் சேர்வராயன் சாமியோடு இருப்பவள் காவேரியம்மன். காவிரி ஓடுவது கீழே, வெகு தூரத்தில். ஆனாலும் மலைமக்கள் அவளை உச்சியில் வைத்துக் கும்பிடுகிறார்கள், மே மாதம் அவர்களுக்குத் திருவிழா. இந்த மலையின் ஓடைகள் காவிரிக்குத்தான் போகின்றன என்று அறிந்து அப்படி வைத்தார்களா என்பதை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். கோயில் கதைகள் நீரியல் பாடமாக உருவானவை அல்ல. ஆனால் அந்தக் குகைக்கு முன்னால் நின்று கீழே பார்க்கும்போது, உங்கள் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இனி, நான் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன். இதற்கு ஓவியரே தேவையில்லை. கொஞ்சம் சரிவான ஒரு மைதானம் வேண்டும். மேட்டில் மண்ணைக் குவித்து சேர்வராயன் மலையாக்குங்கள். அங்கிருந்து கீழ்நோக்கி, ஊர்க்காரர்களின் நினைவில் இருக்கிற ஓடை, வாய்க்கால், ஏரி, குட்டை எல்லாவற்றையும் விரலாலும் குச்சியாலும் தோண்டச் சொல்லுங்கள். கரைகளைக் கோலமாவால் காட்டுங்கள். ஏரி இருக்கும் இடத்தில் அகலமான பள்ளம். மதகு வைக்க ஓட்டாஞ்சில்லு போதும். பெண்கள் இதில் கை வைத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும்; புள்ளி வைத்துத் தூரம் அளக்கும் கண் அவர்களுக்குத் தினமும் பழகியது. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு பிள்ளையின் கையில் பூவாளியைக் கொடுத்து மலை உச்சியில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்குச் சோறு போட்டுத் தூங்க வைக்கிற விஷயம். தண்ணீர் இறங்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். எங்காவது ஓரிடத்தில் அது நாம் தோண்டிய வழியை விட்டு விலகி ஓடும். உடனே ஒரு பெரியவர் எழுந்து வருவார். “அங்க ஏன் போகுது? அந்த ஓடை இப்பிடித் திரும்பும்ங்க, புளியமரத்துக்கு இந்தாண்ட” என்பார். இன்னொருவர் மறுப்பார். அந்தப் புளியமரம் வெட்டப்பட்ட கதை வரும். ஓடை இருந்த இடத்தில் இப்போது எந்தத் தெரு இருக்கிறது என்று தெரியவரும், அந்தத் தெருவில் மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர் வருவது ஏன் என்பதும் புரியும். ஒருமுறை, இருபது வருடங்களாகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் இருவர் ஒரு வாய்க்காலின் வளைவைப் பற்றி அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து மண்டிபோட்டு அதைத் தோண்டினார்கள். அந்தத் தரைப்படம் ஒரு மணி நேரத்தில் கரைந்து சேறாகிவிடும். கரையட்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாதங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் சுவரில் வரைய வேண்டிய படம் அதற்குள் இருக்கிறது.

அப்படிப் பேசும்போது வந்து விழுகிற சொற்களையும் எழுதி வையுங்கள். மதகு, மடை, கோடி, வண்டல், ஊற்று, சுனை, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆளான நீர்க்கட்டி. “ஏரி கோடி போகுது” என்றால் நிரம்பி வழிகிறது என்று நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது தெரியாது; பணத்தில் வரும் கோடிதான் தெரியும். சொல் போன பிறகு அந்த இடம் இருப்பதே கண்ணில் படாது. கோடி எங்கே என்று தெரியாதவர், அதை அடைத்துக் கட்டடம் எழும்பினாலும் கவனிக்கமாட்டார். சுவரில் எழுத்து வேண்டும் என்றால் வாசகங்களைவிட இந்தச் சொற்களை, அவை இருக்கும் இடத்துக்கு நேராக எழுதுங்கள். மதகுக்கு மேலே ‘மதகு’ என்று.

கலை வடிவத்துக்காக வெளியே தேட வேண்டாம். ஆடிப் பண்டிகையில் சேலத்தின் குகை என்ற பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். சாமி வேடம் போட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் நிற்க, தெருவே திரண்டு பார்க்கிறது. வேடம், ஒப்பனை, வண்டி ஜோடனை எல்லாம் பேட்டைக்காரர்களே செய்கிறார்கள். சமூகக் கலை என்று இன்று பெரிய பெயரில் சொல்வதை சேலம் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது. கோயில் வண்டியில் போய்த் தலையிடச் சொல்லவில்லை, அது அவர்களுடைய நேர்ச்சை. அந்த வடிவத்தைக் கடன் வாங்கி, உங்கள் ஏரி கோடி போகிற நாளில் நான்கு வண்டி கட்டலாம். ஒரு வண்டியில் மலை, ஒன்றில் ஓடை, ஒன்றில் ஏரி, கடைசியில் காவிரி. எடப்பாடி, ஓமலூர்ப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களை அழைத்தால், மழை வேண்டி விராட பர்வம் ஆடுகிற வழக்கத்தைப் பற்றி அவர்களே சொல்வார்கள். மழைச்சோறு எடுத்தது, கொடும்பாவி கட்டி இழுத்தது, ஏரி நிரம்பினால் மதகில் பொங்கல் வைத்துக் கிடா வெட்டியது, ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போய் ஊர்ச்சாமியின் வேல், அரிவாளைக் காவிரியில் கழுவி வந்தது என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். இவையெல்லாம் தண்ணீரோடு பேசுவதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வழிகள்.

வெளியூர் உதாரணம் ஒன்றிரண்டு சொல்கிறேன், பார்த்துச் செய்ய அல்ல, யோசிக்க. அமெரிக்காவில் பாசியா அயர்லண்ட் (Basia Irland) என்ற கலைஞர் 1995 முதல் 2000 வரை ரியோ கிராண்டே ஆற்றின் பிறப்பிடத்தில் இருந்து கடல் வரை ஒரு தண்ணீர்க் குடுவையைக் கைமாற்றி அனுப்பினார். வழியில் இருந்த ஒவ்வோர் ஊர்க்காரரும் தங்கள் இடத்து ஆற்று நீரைக் கொஞ்சம் அதில் சேர்த்து, கூடவே வந்த குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஊர்க்காரர் கையில் கொடுத்தார்கள். அதனால் ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மேல் ஊரும் கீழ் ஊரும் சந்தித்துக்கொண்டன. திருமணிமுத்தாற்றுக்கு இதை நினைத்துப் பார்க்கிறேன். சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு பித்தளைச் செம்பு புறப்பட்டு, சேலம் பேட்டைகளைத் தாண்டி, நஞ்சை இடையாறு வரை கைமாறிப் போனால், நகரத்துக்குக் கீழே இருக்கிற விவசாயி அந்தச் செம்பை வாங்கும்போது நம் முகத்தைப் பார்த்து என்ன சொல்வார் என்பதை நாம் நின்று கேட்டாக வேண்டும். இன்னொன்று சீனாவின் செங்டு நகரில். அங்கே பெட்சி டாமன் என்ற கலைஞர் வடிவமைப்பில் முன்னிற்க, 1998-இல் ஓர் ஆற்றங்கரைப் பூங்கா அமைந்தது. ஆற்றின் அழுக்குத் தண்ணீர் குளம், சிற்பத் தொட்டி, நாணல் பாத்தி என்று ஒவ்வொன்றாகக் கடந்து தெளிவதை மக்கள் கூடவே நடந்து பார்க்கலாம். அங்கே கலையும் சுத்திகரிப்பும் ஒரே வேலை. அதற்குப் பொறியாளர்களும் அரசின் பணமும் வேண்டும். சங்கத்துப் பணத்தில் முடியாது.

இப்போது உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். இப்படி ஊரைச் சேர்த்துச் செய்தால் மக்கள் வருவார்கள், பேசுவார்கள், மறந்துபோன வாய்க்கால்கள் வெளியே வரும், பிள்ளைகளுக்கு மலையும் ஏரியும் ஒரே தண்ணீர் என்று புரியும். இதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குப்பை நிற்குமா என்றால், சில இடங்களில் குறைந்தது, சில இடங்களில் ஆறு மாதத்தில் பழையபடி ஆனது. குறைந்த இடங்களில் கூடவே குப்பை வண்டி ஒழுங்காக வந்தது. அதனால் குறைந்ததா, எங்களால் குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கலை சாக்கடையை நிறுத்தாது என்பது மட்டும் நிச்சயம். கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பாருங்கள். 58 ஏக்கர் ஏரி, 2010-இல் சேலம் மக்கள் குழு அதை எடுத்து வேலை செய்தது. தூர்வாரிய மண்ணை வெளியே கொட்டாமல் உள்ளேயே 40-க்கும் மேற்பட்ட திட்டுகளாக்கி மரம் நட்டார்கள், பறவைகள் வந்தன. அது இயந்திரமும் பணமும் உடல் உழைப்பும் செய்த வேலை. ஆனால் அந்தத் திட்டுகளைக் கரையில் நின்று பார்க்கும்போது எனக்கு அது தண்ணீரில் மண்ணால் வரைந்த படமாகவும் தெரிகிறது. நேரம் கிடைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள்.

கதை சேகரிக்கும்போது இனிப்பான கதைகள் மட்டும் வராது. எந்தக் கிணற்றில் யார் வாளி விடக்கூடாது, எந்தப் படித்துறையில் யார் இறங்கக்கூடாது என்று இருந்த நாட்களைச் சிலர் சொல்வார்கள். சொல்லும்போது கூட்டத்தில் ஒரு சங்கடம் பரவும். தயவுசெய்து பேச்சை மாற்றாதீர்கள். அதை விட்டுவிட்டுத் தாமரையும் கொக்கும் வரைந்தால், அந்த மக்கள் இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார்கள், வராததற்குக் காரணமும் சொல்லமாட்டார்கள். அதேபோல, சாயத் தண்ணீர் என்று வரும்போது சாயப்பட்டறைத் தொழிலாளியைப் பிசாசாக வரைந்துவிடாதீர்கள். கெட்ட தண்ணீர் முதலில் நனைப்பது அவர் காலைத்தான். மீன் குத்தகைக்காரர், துணி வெளுப்பவர், மாடு கழுவ வருபவர் எல்லோரும் முதல் கூட்டத்திலேயே இருக்கட்டும்.

செய்முறையில் சில எச்சரிக்கைகள். தண்ணீரில் விடுவதற்காகச் செய்யும் எதிலும் தெர்மாகோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிகினா, எண்ணெய் பெயின்ட் வேண்டாம். சுடாத களிமண், வாழைமட்டை, தொன்னை, அரிசிமாவு போதும். சாக்கடை கலக்கிற ஏரி என்றால் பிள்ளைகள் கையால் தண்ணீர் எடுக்க வேண்டாம், பெரியவர்கள் கையுறையோடு எடுக்கட்டும். ஆகாயத்தாமரை மூடிய இடம் தரை போலத் தெரியும், அதன் ஓரம் யாரும் நிற்கக்கூடாது. மலை ஓடைகளில் நடக்கிறீர்கள் என்றால், கீழே வெயில் அடித்தாலும் மேலே இருட்டிக்கொண்டு வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். தண்ணீர் சொல்லிவிட்டு வராது. ஏரி நீர்வளத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா என்று முதலில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு அனுமதியை நம்பி வேலையைத் தொடங்கி, ஆள் மாறியதும் பாதியில் நிறுத்திய அனுபவம் எனக்கு உண்டு.

சரி, உங்கள் சுவருக்கு வருகிறேன். ஓவியரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரை முதல் நாள் நடைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று மாதம் கழித்து வரையச் சொல்லுங்கள். சேர்த்த பணத்தில் பாதியை மட்டும் இந்த வருடம் செலவழியுங்கள், மீதி அடுத்த வருடம் அதே சுவரில் திருத்த, சேர்க்க இருக்கட்டும். கோலத்தைத் தினமும் போடுகிற மாதிரி, சுவரும் வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடித் தொடுகிற பொருளாக இருந்தால் அதன்மேல் போஸ்டர் ஒட்ட வருபவரை யாராவது ஒருவர் நின்று கேட்பார். ஓர் ஓரத்தில் அடிக்கோல் மாதிரி கோடுகள் போட்டு, ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பிள்ளைகள் குறிக்கட்டும். உங்கள் மகள் முதல் கோட்டைப் போடலாம்.

தொடங்குவதற்குப் புரட்டாசி நல்ல மாதம். வெயில் தணிந்திருக்கும், ஓடைகளில் கொஞ்சம் ஈரம் தெரியும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை முழுவதும் நடந்து பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மதகில் கூடுங்கள். கோலமாவு இரண்டு கிலோ, பூவாளி ஒன்று, பதிவு செய்ய போன். அறுபது தாண்டியவர்களை ஐந்து பேராவது வீட்டுக்குப் போய் நேரில் அழையுங்கள். மரத்தடியில் அவர்களுக்கு நாற்காலியும் ஒரு தம்ளர் டீயும் இருக்கட்டும். நிற்க வைத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். உட்கார்ந்துவிட்டால் பழைய ஓடையைக் காட்ட அவர்களே எழுந்து முன்னால் நடப்பார்கள்.